போன மாதத்து ஆகாயம்

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு என் கணவருக்கு இறக்கை முளைத்தது. மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் வாங்கி விற்றுக் கொடுக்கிற தரகர் அவர். கீழே மூட்டைக் கிடங்கு, மேலே வீடு, நடுவில் ஒரு மரப்படிக்கட்டு. காலையில் இறங்குவார், மத்தியானம் சாப்பிட ஏறுவார். இப்படி இருந்த மனிதரை ஓர் ஏலக்காய் எஸ்டேட்காரர் கெடுத்தார். பழைய சிநேகிதர். நாலு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம் ஒன்றைச் சொந்தமாக வைத்திருக்கிறார். அது தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு சிறிய விமானத்தளத்தில் நிற்கிறது. என் கணவர் முதலில் அதை வேடிக்கை பார்க்கப் போனார். பிறகு கற்றுக்கொள்ளப் போனார். சரக்கு வராத மாதங்களில் அங்கேயே பழியாய்க் கிடந்து, பரீட்சை எழுதி, லைசென்ஸும் வாங்கிவிட்டார். நான் இதை ஒரு காய்ச்சல் மாதிரி நினைத்திருந்தேன். தானாக இறங்கிவிடும் என்று.

இறங்கவில்லை. ஒரு நாள் சோற்றில் மோரைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"யாழ்ப்பாணம் வரைக்கும் பறந்துட்டு வரலாம்னு இருக்கேன்."

"அங்க என்ன காரியம்?"

"காரியம் ஒண்ணும் இல்ல. வெறுதே. ஒரு சாயா குடிச்சிட்டுத் திரிச்சு வரலாம்."

"போயிட்டு வாங்க."

"நீயும்தான். நீ வராம மேப்பு யாரு பிடிக்கறது?"

கல்யாணமாகித் திருப்பூணித்துறையிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் எல்லாம் இந்த ஜாதிதான். பதிலையும் அவர்களே போட்டுக் கொண்டுவருவார்கள். நான் இன்னொரு கரண்டி மோர் ஊற்றினேன்.

எஸ்டேட்காரருக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் அவர் வருவதாக இல்லை. விமானம் தருகிறேன், இரண்டு நாட்டு அனுமதிகளையும் என் ஆபீஸ் பார்த்துக்கொள்ளும், வரைபடமும் சாப்பாடும் உங்கள் பாடு என்று சொல்லிவிட்டார். திருச்சியில் இறங்கி பாஸ்போர்ட், சுங்கம் எல்லாம் முடித்து, அங்கிருந்து கடலைத் தாண்ட வேண்டும். இந்தக் காலத்தில் எல்லோரும் டேப்லெட்டில் பார்த்துத்தான் பறக்கிறார்களாம். ஆனால் அதற்கு வருஷச் சந்தா கட்டணும். ஒரு சாயா குடிக்க ஒரு வருஷத்துக்குப் பணமா என்று என் கணவர் மூக்கைச் சுளித்தார். காகித வரைபடம் போதும், அதைப் பக்கத்தில் ஓர் ஆள் மடியில் விரித்து வைத்துக்கொண்டு எண்களை வாசித்துச் சொன்னால் ஆயிற்று என்று முடிவு கட்டினார். அந்த ஓர் ஆள் நான்.

எனக்குப் பயம். இதில் மழுப்ப ஒன்றுமில்லை. ஒரே ஒரு என்ஜின் உள்ள வண்டியில், கீழே கடலை வைத்துக்கொண்டு, காரை விடச் சின்ன இடத்தில் முழங்காலைக் குறுக்கி உட்காருவதை நினைத்தாலே எழுந்து போய் வேறு வேலை பார்ப்பேன். என்ஜின் நின்று போனால் என்ன செய்வது என்று ஒரு தடவை கேட்டேன். "நிக்காது" என்றார். ஸ்கூட்டரைப் பற்றியும் அப்படித்தான் சொல்லுவார், அது பாலத்து நடுவில் நின்ற கதை வேறு.

வரமாட்டேன் என்று நேராகச் சொல்லாமல் சுற்றி வளைத்துப் பார்த்தேன். தலை சுற்றும் என்றேன். கிடங்கிலிருந்து நல்ல சுக்காகப் பொறுக்கி, தட்டி, வெல்லம் சேர்த்து ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து வைத்தார். வீட்டை யார் பார்ப்பார்கள் என்றேன். கீழே சுமையெடுக்கிற சேட்டனிடம் சாவி கொடுத்தாயிற்று என்றார். என்னிடம் பாஸ்போர்ட் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், மகளைப் பார்க்கத் துபாய் போகலாம் என்று எடுத்துவைத்தது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். மகள் துபாய் வேலையை விட்டுப் பெங்களூருக்கு வந்த பிறகு அது பீரோவில் சும்மா கிடந்தது. ஒவ்வொரு கதவாக அவர் சாத்திக்கொண்டே வந்தார். அதுவும் எவ்வளவு அன்பாக.

ஊரும் சேர்ந்துகொண்டது. எதிர் வீட்டு அம்மாள் மீன் வாங்கும் இடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி, "பாக்கியம் செஞ்சவ, புருஷன் பறக்கக் கொண்டுபோறான்" என்றாள். மகள் போனில், "அம்மா, நீ செம லக்கி. போட்டோ அனுப்பு" என்றாள். பயமாக இருக்கிறது என்று இவர்களிடம் எப்படிச் சொல்லுவது? பாக்கியம் வேண்டாம் என்று சொல்லுகிறவளைக் கொழுப்பு என்றுதான் சொல்லுவார்கள்.

வரைபடம் வாங்குகிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது. வெளியில் நாள் முழுக்கப் பேரம் பேசுகிற மனிதர் வீட்டுச் சாமான் எதற்கும் பேரம் பேச மாட்டார்; அது என் இலாகா. ஆனால் வரம்பை அவர்தான் சொல்லுவார். அதற்கு ஒரு முறை உண்டு. மிளகுச் சந்தையில் முன்பெல்லாம் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். தோள் துண்டைக் கையின் மேல் போட்டு, அதற்கடியில் எதிராளியின் விரல்களை அழுத்தித்தான் சொல்லுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இப்போது எல்லாம் போனில் நடக்கிறது. என் கணவர் மட்டும் அந்த வித்தையை என்னிடம் காட்டிக்கொண்டிருக்கிறார். கல்யாணமான புதிதில் ஒரு ஜவுளிக்கடையில் துண்டுக்கடியில் என் கையைப் பிடித்தார். நான் வெட்கத்தில் தலை குனிந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது சேலைக்கு அவர் தரத் தயாராக இருந்த ரேட்.

எர்ணாகுளத்தில் ஒரு மாடிக்கடை. விமானம் ஓட்டப் படிக்கிற பிள்ளைகளுக்குப் புத்தகம், தோளில் மாட்டுகிற பட்டை, காதில் மாட்டுகிற போன் எல்லாம் விற்கிற இடம். கடையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். இலங்கைப் பக்கம் கடல் தாண்டுவதற்கு வரைபடம் வேண்டும் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பிளாஸ்டிக் உறையில் இருந்த ஒரு வரைபடக் கட்டை எடுத்து வைத்தாள். விலையைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. இந்த விலைக்கு அவர் காகிதம் வாங்கவே மாட்டார். போக வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது பார்த்து மூலையில் இருந்த அட்டைப்பெட்டி கண்ணில் பட்டது. அதே மாதிரி கட்டுகள், உறை இல்லாமல். அவளும் என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டாள்.

"அது கழிஞ்ஞ மாசத்தெயா சேச்சி. படிக்கான் கொள்ளாம். பறக்கான் பற்றில்ல."

போன மாதத்தது, படிக்க ஆகும், பறக்க ஆகாது என்று. நாலு வாரத்துக்கு ஒரு முறை புதிதாக அச்சடித்து விடுவார்களாம். தேதி முடிந்ததைக் கால்விலைக்குப் பிள்ளைகள் பழக வாங்கிப் போவார்களாம். நான் கணவருக்குப் போன் செய்து புதியதன் விலையை மட்டும் சொன்னேன். நான் சொல்லாத பெட்டியும் சரக்கு வியாபாரி காதில் விழாமல் இருக்குமா? "பழசு இருக்கா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இருக்கிறது, ஆனால் தேதி முடிந்துவிட்டது, பறக்கக் கூடாது என்று சொல்லுகிறார்கள் என்று தெளிவாகவே சொன்னேன்.

"அங்கயே இரு. வரேன்."

வந்தார். முண்டு, தோளில் துண்டு, முகத்தில் ஏலம் எடுக்கப் போகிறவரின் அலட்சியம். பெட்டியைக் கிளறினார். ஒரு வரைபடத்தை விரித்து முகர்ந்துகூடப் பார்த்தார்.

"புது மொளகுல ஈரம் இருக்கும், எடை நிக்காது. பழசுதான் ஒணங்கி நிக்கும்," என்றார் என்னிடம். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, "மோளே, மலை அங்கதான இருக்கு? கடல் அங்கதான இருக்கு? ஒரு மாசத்துல எங்க போயிடும்?"

மலை போகாது, ரேடியோ எண்கள் மாறும், பறக்கக் கூடாத இடங்கள் கூடும் குறையும் என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். அதைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாம் என்று இவர் முடித்துவிட்டார். பிறகு துண்டு என் கையின் மேல் விழுந்தது. விரல்கள் அழுந்தின. அந்தப் பெண் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். இந்த வயதில் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஜோடி என்று நினைத்திருப்பாள். பெட்டியோடு எடுத்தால் என்ன விலை என்று கேட்டு, கால்விலையிலும் பாதியாக்கி வாங்கினேன். என் வாயே எனக்கு எதிரி. இலங்கையோடு மாலத்தீவு, பர்மா, நேபாளம் எல்லாம் வந்தன.

"நேபாளம் எதுக்கு?"

"கூடக் கெடச்சதுதான?"

கடைப்பெண் ஒவ்வொரு கட்டின் மேலும், படிக்க மட்டும் என்று ஒரு முத்திரை குத்தித்தான் தந்தாள். அதையும் அவர் பார்த்தார். தரச்சான்று முத்திரையைப் பார்ப்பது போலத் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு வந்த சாயங்காலங்களை நினைத்தால் இப்போதும் மூச்சு முட்டுகிறது. மாடியில் எங்கள் ஒரே பெரிய அறையில் இரண்டு நாற்காலிகளைச் சுவரைப் பார்த்து அடுத்தடுத்துப் போடுவார். இடது அவருக்கு, வலது எனக்கு. காற்றில் காகிதம் பறக்கிறது என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார், ஜன்னல்களையும் சாத்திவிடுவார். கீழே சுக்கு மூட்டை தட்டுகிற தூசி படிக்கட்டு வழியே ஏறி வரும். என் மடியில் மேசை விரிப்பு அளவுக்கு வரைபடம். ஒரு தடவை பிரித்தால் பழைய மடிப்புக்கு அது திரும்பவே திரும்பாது. வியர்வை சொட்டி மன்னார் பக்கத்தில் ஒரு தீவு கரைந்துவிட்டது.

"வலது பக்கம் என்ன தெரியுது?"

"சுவரு."

"மேப்புல கேட்டேன்."

"கடல்."

"எண் ஏதாவது?"

கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வாசிப்பேன். அவர் திருப்பிச் சொல்லுவார். இல்லாத பிடியைப் பிடித்து இல்லாத விமானத்தைத் திருப்புவார். நானும் அவரோடு சேர்ந்து சாய வேண்டும். ஒரு நாள் அவர் காபி குடிக்கப் போன சமயம் வரைபடத்தில் எங்கள் இடத்தைத் தேடினேன். கொச்சியின் மேல் வட்டம் வட்டமாகக் கோடுகள், அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது என்று. கடற்படை விமானத்தளம் பக்கத்தில் இருக்கிறதே. மட்டாஞ்சேரி என்ற பெயரே இல்லை. அந்த வட்டங்களுக்குள் எங்கோ ஓர் இடத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். யாராவது வந்து, என்ன, விருப்பமில்லாமலா உட்கார்ந்திருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. காபி குடித்துவிட்டு வந்தவர், "எங்க விட்டோம்?" என்றார்.

பறக்கிற நாளுக்குக் கொஞ்ச நாள் முன்னால் எஸ்டேட்காரர் ஊன்றுகோலோடு வந்தார். படி ஏற முடியாமல் கிடங்கிலேயே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தார். சாயா கொடுத்தேன். என் கணவர் பெருமையோடு வரைபடங்களை விரித்தார். என்ன விலைக்கு வாங்கினோம் என்பதையும் சொன்னார். எஸ்டேட்காரர் தேதியைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், சாயாவைக் கீழே வைத்தார்.

"எடோ, இது வெச்சு நீ என்டெ விமானத்தில் கேறில்ல," என்றார். இதை வைத்துக்கொண்டு என் விமானத்தில் ஏறக்கூடாது என்று அர்த்தம். சிரிக்கவில்லை. "புதியது வாங்ஙு. அல்லெங்கில் வேண்டா." இல்லாவிட்டால் பயணமே வேண்டாமாம்.

நான் சாயா டம்ளரை எடுத்துக்கொண்டு படியேறினேன். மேலே போனதும் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, அதற்கு நேர் கீழே தரையில் மல்லாக்கப் படுத்தேன். அவ்வளவு நிம்மதி. இந்த மனிதர் எதையும் சொன்ன விலைக்கு வாங்கி நான் பார்த்ததில்லை. தன் அம்மாவின் ஆபரேஷனுக்கே டாக்டரிடம் துண்டை எடுத்தவர். சொன்ன விலைக்குக் காகிதம் வாங்குவாரா என்ன?

மறுநாள் சாயங்காலம் பிளாஸ்டிக் உறையோடு புதுக் கட்டு மேசை மேல் இருந்தது. தனியாக எர்ணாகுளம் போய் வாங்கி வந்திருந்தார். என்ன விலை குறைத்தீர்கள் என்று கேட்டேன்.

"கொறைக்கல. கேக்கல."

எனக்கு நிஜமான பயம் வந்தது அப்போதுதான். அதுவரை இது ஒரு விளையாட்டு, எங்கேயாவது தட்டுப்பட்டு நின்றுவிடும் என்று மனசின் ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். பேரம் பேசாமல் வாங்கியவர் பறக்காமல் விடமாட்டார். அடுப்பில் பருப்பு தீய்ந்து வாடை வந்தது. அதை இறக்காமலே சொன்னேன்.

"நான் வரல."

"ம்?"

"நான் வரல. எனக்குப் பயமா இருக்கு. வரமாட்டேன்."

சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன், எடுத்துப்போட பழைய கணக்கெல்லாம் நாக்கின் நுனியில் இருந்தது. அவர் போய்ப் பருப்பை இறக்கி வைத்தார்.

"செரி. நீ வரலன்னா நானும் போகல."

அவ்வளவுதான். எஸ்டேட்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். புது வரைபடக் கட்டை அப்படியே உறை பிரிக்காமல் பீரோ மேல் வைத்தார்.

ஜெயித்துவிட்டேன் என்று ஒரு மணி நேரம் இருந்திருப்பேன். அதற்குப் பிறகு வந்ததுதான் சிறை. அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. நான் உள்ளே நுழைந்தால் மின்விசிறியைப் போட்டார். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றார். அந்தப் பணிவைப் போலக் கழுத்தை நெரிக்கிறது வேறு ஒன்றுமில்லை. மகள், "அப்பா பாவம்மா, எத்தன வருஷ ஆசை" என்றாள். எஸ்டேட்காரர் போனில், "சேச்சி, ஒரு திவசத்தெ கார்யமல்லே?" என்றார். ஒரு நாள் விஷயம்தானே என்று. எதிர் வீட்டு அம்மாள் மீன்காரனிடம் பேசுவதை என்னைக் கண்டதும் நிறுத்தினாள். மூட்டை தூக்குகிறவர்கள்கூட என்னைப் பார்த்து ஒதுங்கி நின்ற மாதிரி இருந்தது. பீரோ மேல் இருந்த கட்டின் தேதி எனக்கு மனப்பாடம். பறப்பதற்கு அனுமதி வாங்கியிருந்த நாளுக்கு மறுநாளோடு அது முடிகிறது. போனாலும் மாட்டினேன், போகாவிட்டாலும் மாட்டினேன். இதில் போகாமல் மாட்டிக்கொண்டதற்கு ஊர் முழுக்கச் சாட்சி.

அந்த நாளும் வந்தது. காலையில் சமையலறை வாசற்படியில் சாயாவோடு உட்கார்ந்தார். வழக்கமாக அந்த நேரத்துக்குக் கிடங்கு திறந்திருப்பார். வானம் சுத்தமாக இருந்தது, ஒரு மேகம் இல்லை. இருவரும் அதைப் பார்த்தோம், அதைப் பற்றிப் பேசவில்லை. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். என்னால் தாங்க முடியவில்லை.

"நீங்க போயிருக்கலாம்."

"தனியாவா?"

"தனியா ஓட்டத்தான லைசென்ஸ் குடுத்திருக்காங்க?"

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பேச ஆரம்பித்தபோது என்னைப் பார்க்கவில்லை.

"எனக்குப் பயம். அங்க தனியா மேல போறப்பல்லாம் கை நடுங்கும். எறங்கற வரைக்கும் நடுங்கும். யாருகிட்டயும் சொன்னதில்ல. நீ பக்கத்துல உக்காந்திருந்தா நடுங்காதுன்னு தோணிச்சு. மேப்பு ஒரு சாக்குதான்."

இரக்கப்பட்டிருக்க வேண்டும். நல்ல மனைவிகள் இந்த இடத்தில் கண் கலங்குவார்கள். எனக்கு வந்தது கோபம், காது வரைக்கும் சூடேறுகிற கோபம். அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது பேச என்னைத்தான் முன்னால் தள்ளினார். அவர் அம்மாவின் ரிப்போர்ட்டை டாக்டரிடம் கேட்க உள்ளே போனது நான். அவர் வராந்தாவில் நின்றார். மகள் வேற்று ஜாதிப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்ன அன்று பையன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தது நான். அவருக்குக் கிடங்கில் அவசர வேலை. என்மேல் எவ்வளவு நம்பிக்கை என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். தேங்காயைத் துருவிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"உங்களுக்குப் பயமா இருந்தா என்னையக் கூட்டிட்டுப் போய் பக்கத்துல உக்கார வெப்பீங்க. எனக்குப் பயமா இருந்தா நான் யாரைக் கூட்டிட்டுப் போறது?"

கீழேயிருந்து சுமையெடுக்கிற சேட்டன் லாரி வந்து நிற்கிறது என்று கூப்பிட்டார். இவர் எழுந்திருக்கவில்லை. சேட்டன் மறுபடி கூப்பிட்டார். மிளகு லாரி வந்து நிற்கையில் என் கணவர் இறங்கிப் போகாமல் இருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். டம்ளரைப் படியில் வைத்துவிட்டு என் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"உனக்கு என்ன பயம்?" என்றார்.

சொல்ல ஆரம்பித்தேன். விமானம் அதில் நாலாவதாகத்தான் வந்தது.